இடது தூண் எழுத்து

அக்டோபர் 3, வெள்ளி

காலையில் சபைக் கமிட்டிச் செயலாளர் தவமணி வந்தார். அடுத்த மாதம் இரண்டாம் தேதி அசனப் பண்டிகை. சபை முழுவதும் ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிடும் நாள். வெளியூர்களில் இருக்கும் பிள்ளைகளெல்லாம் வந்து சேருவார்கள். ஆலய வாசலில் நிறுத்தும் ஃபிளெக்ஸ் வளைவை இந்த வருஷம் நான் வரைந்து கொடுக்க வேண்டுமாம்.

“கடையில விட்டா கண்ட கலர்லயும் அடிச்சிருதான் சார். போன வருஷம் பாத்தியள்லா? அசனமா அரசியல் மாநாடான்னே தெரியல. நீங்க கம்ப்யூட்டர்ல சபைப் பத்திரிகை எவ்வளவு நேர்த்தியா போடுதிய. இதையும் பாருங்க.”

எனக்கு மறுக்கத் தெரியாது. வளைவின் நெற்றியில் ‘அசனப் பண்டிகை’ என்று குறுக்கே வர வேண்டும். இடது தூணில் ‘வருக வருக’ கீழிருந்து மேலாக. வலது தூணில் ‘வாழ்க வளர்க’ மேலிருந்து கீழாக. மேல் மூலையில் சாய்வாக ஒரு பட்டை, அதில் ஆண்டு. எல்லாம் பூவேலை எழுத்தில். சாதாரண எழுத்தைத் தட்டச்சு செய்ததோடு சரி, அலங்கார எழுத்தைச் சுழற்றி எனக்குப் பழக்கமில்லை. முடியாது என்று பட்டது. முடியும் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு பாக்கியத்தை ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அவள் காலில் சர்க்கரைப் புண். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கட்டு மாற்ற வேண்டும். ஆட்டோவின் குலுக்கல் அவளுக்கு ஆகாது. என் வேகத்தை அவள் கேலி செய்தாலும் என் பின்னால்தான் உட்காருவாள்.

திரும்பி வருகையில் எங்கள் வீட்டுக் கேட்டின் இடது தூணில் உரசி, ஸ்கூட்டரின் கண்ணாடி உடைந்தது. இத்தனை வருஷம் நுழைந்த கேட்.

அக்டோபர் 6, திங்கள்

வேலையை ஆரம்பித்தேன். மூலைப் பட்டையை முப்பது பாகை சாய்த்தேன், ஒழுங்காக நின்றது. தூண் எழுத்தைத் தொண்ணூறு பாகை திருப்பினேன், அதுவும் நின்றது. கடைக்காரருக்கு வேண்டிய வகையில் சேமித்து, மூடி, மறுபடி திறந்தால் பட்டை அப்படியே இருக்கிறது, தூண் எழுத்து மட்டும் நசுங்கிக் கட்டையும் குட்டையுமாகக் கிடக்கிறது. ஒரே மென்பொருள், ஒரே எழுத்து, ஒரே கை.

எங்கோ நான்தான் தவறு செய்கிறேன். எது என்று தெரியவில்லை.

மதியம் பாக்கியம் தட்டைப் பார்த்துக் கேட்டாள்: “அவியல் பிடிக்கலையா? தொடவே இல்லியே.”

அவியலே வைக்கவில்லையே என்றேன். அவள் தட்டை அரைவட்டம் சுற்றினாள். அவியல் இருந்தது. சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது.

“கம்ப்யூட்டர் கிறுக்கு சோத்துத் தட்டு வரைக்கும் வந்துட்டு” என்றாள்.

அக்டோபர் 8, புதன்

மறுபடி நசுங்கியது. ஆஸ்பத்திரி. மழை இல்லை.

அக்டோபர் 10, வெள்ளி

கல்லூரி ஆய்வகத்தில் முப்பது வருஷம் மாணவர்களுக்குச் சொன்னதை எனக்கே சொல்லிக்கொண்டேன்: ஊகிக்காதே, அட்டவணை போடு.

‘அ’ என்ற ஒரே எழுத்தை எடுத்துக்கொண்டேன். ஐந்தைந்து பாகையாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் சேமித்து, மூடி, திறந்து பார்த்தேன். நாற்பது வரை சரி. நாற்பத்தைந்தில் நசுங்கியது. பிறகு ஒவ்வொரு பாகையாகப் போனேன். நாற்பத்து நான்கில் எழுத்து நலமாக இருக்கிறது; அடுத்த பாகையில் அகலம் உயரமாகவும் உயரம் அகலமாகவும் மாறிவிடுகிறது. நூற்று முப்பத்தைந்தைத் தாண்டினால் தானே சரியாகிவிடுகிறது. எதிர்ப்பக்கமும் இப்படியே.

ஆக, இது கிறுக்குத்தனம் இல்லை, விதி. சாய்ந்த எழுத்தை விட்டுவிடுகிறது. நிமிர்ந்த எழுத்தில் நீளத்தையும் அகலத்தையும் தப்பாகப் படித்துக்கொள்கிறது. அகலத்தையும் உயரத்தையும் நானே முன்கூட்டி மாற்றிக் கொடுத்தேன். சேமிக்கும்முன் விகாரமாக இருந்த எழுத்து, திறந்தபோது அழகாக நின்றது.

எழுந்து நின்று கை தட்டிவிட்டேன். பாக்கியம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “இன்னொரு பேரன் பொறந்துட்டானா?” என்றாள்.

தவறு என்னுடையதல்ல. இதை எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. என்றாலும் எழுதி வைக்கிறேன். தவறு என்னுடையதல்ல.

அக்டோபர் 13, திங்கள்

புதிய கோளாறு. இது முன்னதைவிட விசித்திரம்.

வலது தூணின் எழுத்து முடிந்தது. இடது தூணுக்கு ‘வருக வருக’ அடித்தேன். திரையின் நடுவில் தோன்றியது. திருப்பினேன். மவுஸால் இழுத்து இடது தூணில் வைத்தேன். காணவில்லை.

மறுபடி அடித்தேன், திருப்பினேன், இழுத்தேன். இடது ஓரத்தை நெருங்கும்வரை இருக்கிறது. அதற்குமேல் மறைந்துவிடுகிறது. ஆனால் முழுப் பக்கத்தையும் திரையில் வலப்புறமாகத் தள்ளினால் சில சமயம் தோன்றுகிறது. எப்போதும் அல்ல. சில சமயம்.

அட்டவணை போட முயன்றேன். இதற்கு விதி கிடைக்கவில்லை. திரையின் இடது பாகத்தை வரைந்து காட்டுவதில் கணினிக்கு ஏதோ தடங்கல் என்று குறித்துக்கொண்டேன். ஒரு பிழை இருக்கும் மென்பொருளில் இரண்டாவது பிழை இருப்பதில் வியப்பு என்ன?

அக்டோபர் 14, செவ்வாய்

நேராக நிற்பதிலும் சிக்கல். தொண்ணூறு என்று எண்ணைக் கொடுத்தால் தூண் எழுத்து வலப்புறம் சாய்ந்து நிற்கிறது. பக்க ஓரங்கள் தெரியாத அளவுக்குப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு பார்த்தேன், சாய்வு நிச்சயம். கையால் மெல்லத் திருப்பி நிமிர்த்தினேன். கண்ணுக்குச் சரியாக நின்றபோது மென்பொருள் எண்பத்தாறு என்று காட்டியது.

கோணத்தையும் தவறாகப் படிக்கிறது போல.

மாலை ஜெபக் கூட்டத்துக்குப் போனபோது ஆலயக் கோபுரத்தின் சிலுவை சற்றுச் சாய்ந்திருப்பதாகப் பட்டது. மழைக்கு முன் கமிட்டியில் யாராவது கவனித்தால் நல்லது. நான் சொன்னால் அதிகப்பிரசங்கித்தனம்.

அக்டோபர் 15, புதன்

“கண்ணாடியில மொகத்தப் பாத்துத்தான் ஷேவ் பண்ணுதியளா?” என்று பாக்கியம் கேட்டாள். இடது கன்னத்தில் நரைத்த முடி அப்படியே இருக்கிறதாம். தடவிப் பார்த்தேன், இருந்தது. பிளேடு மழுங்கிவிட்டது. புதிது வாங்க வேண்டும்.

குளிக்கும்போது இடது தோளில் கன்றிப்போயிருந்ததைப் பார்த்தேன். எங்கே இடித்துக்கொண்டேன் என்று நினைவில்லை. வாசல் நிலையாக இருக்கலாம்.

அக்டோபர் 16, வியாழன்

என் மேல்தான் பிழையோ என்ற எண்ணம் இரவெல்லாம் விடவில்லை. காலையில் பாக்கியத்திடம் கேட்டேன். “எனக்கு ஏதோ கோளாறு இருக்குமோ? இந்தக் கம்ப்யூட்டர் விஷயத்துல.”

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது. “கம்ப்யூட்டர்ல மட்டுமா?” என்று ஏதோ ஆரம்பித்தாள். அதற்குள் தவமணியின் தொலைபேசி வந்துவிட்டது.

அவரிடமும் அதையே கேட்டேன். அவர் பதறிவிட்டார். “என்ன சார் நீங்க! உங்க மேல என்ன தப்பு? ஓசியில வார சாஃப்ட்வேர் அப்படித்தான் இருக்கும். நீங்க தப்பு பண்ணுனா இந்த பாளையங்கோட்டையில எவன் சரியாப் பண்ணுவான்?”

மனம் லேசாகிவிட்டது. வாழ்நாள் முழுவதும் எதற்கெடுத்தாலும் என்னையே சந்தேகித்துப் பழகியவன் நான். இந்த வயதிலாவது அதை நிறுத்த வேண்டும்.

பாக்கியம் பாதியில் விட்டதைப் பிறகு கேட்டேன். “ஒண்ணுமில்ல. கீரையில புழு” என்றாள்.

அக்டோபர் 18, சனி

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் தெற்கு பஜாரில் தீபாவளிக் கூட்டம். ஒரு தள்ளுவண்டி இடப்புறமிருந்து திடீரென்று முளைத்தது. பாக்கியம் “ஏய்யா!” என்று கத்தி என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். வலப்புறம் ஒடித்தேன். வண்டியிலிருந்த பனியன்கள் சில என் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு வந்தன.

வண்டிக்காரர் வைதார். “கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு பெரிசு? நட்டநடு ரோட்ல நான் எவ்வளவு நேரமா நிக்கேன்!”

எவ்வளவு நேரமாக நின்றாரோ, நான் பார்க்கும்போதுதான் அவர் வந்தார். மன்னிப்புக் கேட்டுப் பனியன்களை மடித்து வைத்துவிட்டு வந்தேன்.

வீடு வரும்வரை பாக்கியம் என் சட்டையை விடவில்லை. கேலியும் இல்லை. இறங்கியதும் என் முகத்துக்கு நேரே தன் இரண்டு கைகளையும் நீட்டி, “இதுல எத்தன வெரலு?” என்றாள். வலது பக்கம் நீட்டியதைச் சொன்னேன். அவள் கைகளை மடக்கிக்கொண்டாள்.

“சரியா?” என்று கேட்டேன்.

“சரிதான்” என்றாள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. தெருவெல்லாம் வெடி. அடுத்த வீட்டு மாரியம்மாள் அதிரசம் கொடுத்தார்.

ஸ்கூட்டர் சாவியைக் காணவில்லை. வாசல் ஆணியில்தான் எப்போதும் மாட்டுவேன். சட்டைப் பை, கால்சட்டைப் பை, அலமாரி, கட்டிலடி எல்லாம் பார்த்தேன். என் கவனக்குறைவு வரவர அதிகமாகிறது. பாக்கியம் தேட வரவில்லை. “கெடைக்கும்போது கெடைக்கட்டும். ஆட்டோவுல போய்க்கிடலாம்” என்றாள்.

“குலுக்குமேம்மா?”

“குலுக்கினா குலுக்கட்டும்.”

ஆட்டோவில் வலியைக் கடித்துக்கொண்டுதான் வந்தாள். எனக்குக் குற்ற உணர்வு. ஒரு சாவியை ஒழுங்காக வைக்கத் தெரியவில்லை.

அக்டோபர் 22, புதன்

மகன் ஜெயசீலனோடு பாக்கியம் பின்வாசலில் நின்று தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். நான் போனதும் குரலை உயர்த்தி, “ஓசூர்ல மழையாடா?” என்று கேட்டாள். அண்மையில் அடிக்கடி பேசிக்கொள்கிறார்கள். பேரன் விஷயமாக ஏதாவது இருக்கும். கேட்டால் தலையிடுவது போலாகும்.

அக்டோபர் 24, வெள்ளி

வடிவத்தைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு இசக்கியின் ஃபிளெக்ஸ் கடைக்கு நடந்தே போனேன். இசக்கி என் ஆய்வகத்தில் படித்தவன். இப்போது பெரிய தொப்பையும் மூன்று பெண் குழந்தைகளும். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

திறந்து பார்த்தவன் சிரித்துவிட்டான். “சார், இடது தூண்ல ‘வருக வருக’ ஒண்ணு மேல ஒண்ணா ஏழு எட்டு கெடக்கு. இதென்ன இட்லிச் சட்டியா? அவ்வளவு வரவேற்பு தாங்காது சார் நம்ம சனம்.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. மறைந்தவையெல்லாம் அங்கேயேதான் இருந்திருக்கின்றன. திரையின் கோளாறை விளக்கினேன். அவன் தலையாட்டிக்கொண்டே ஒன்றை மட்டும் வைத்து மற்றதை அழித்தான்.

“அப்புறம் சார், இது எண்பத்தாறுன்னு இருக்கு. ரெண்டு தூணும் ஒரு பக்கமா சாயுதாப்ல தெரியுது. தொண்ணூறு ஆக்கிரட்டுமா?”

“வேண்டாம்ப்பா. சாஃப்ட்வேர் கோணத்தத் தப்பாக் காட்டுது. நான் கண்ணால பாத்துச் சரிபண்ணுனது.”

இசக்கி திரையைப் பார்த்தான். தலையை ஒரு பக்கம் சாய்த்தான். மறுபடி நிமிர்த்தினான். என்னைப் பார்த்தான். நான் யாரிடமும் எதையும் வற்புறுத்தியதில்லை. இந்த முறை வற்புறுத்தினேன். நாற்பத்து நான்கு, நாற்பத்தைந்து அட்டவணையை எடுத்துக் காட்டினேன்.

“ஒங்களுக்குத் தெரியாததா சார்? கம்பியில கட்டும்போது அதுவே நிமிந்துரும்” என்றான்.

அக்டோபர் 27, திங்கள்

பாக்கியம் பிடிவாதமாகக் கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போனாள். எழுத்துப் பலகையைப் படித்தேன். “மொத எழுத்துல இருந்து வாசிங்க அய்யா, பாதியில இருந்து ஆரம்பிக்கிய” என்று அந்தப் பெண் இரண்டு மூன்று முறை சொன்னாள். முதல் எழுத்து என்று அவள் சொன்னதை நான் தலையைத் திருப்பித் தேட வேண்டியிருந்தது. மற்றபடி பொடி எழுத்துவரை படித்துவிட்டேன். “இந்த வயசுக்கு நல்ல கண்ணு” என்றாள்.

“கேட்டியா?” என்று பாக்கியத்திடம் சொன்னேன்.

“கண்ணு நல்லாத்தான் இருக்கு” என்றாள். சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. பண்டிகை முடிந்த மறுநாள் ஜெயசீலன் வருகிறானாம். என்னைத் திருநெல்வேலியில் பெரிய டாக்டர் ஒருவரிடம் காட்ட வேண்டுமாம், நேரம் வாங்கியாகிவிட்டதாம்.

“காலு உனக்குத்தான, டாக்டர் எனக்கு எதுக்கு?”

“சும்மா ஒரு செக்கப். வயசாகலயா?”

அக்டோபர் 30, வியாழன்

சாவி கிடைத்துவிட்டது!

சட்டைப் பொத்தான் தைக்க நூல் தேடிப் பாக்கியத்தின் தையல் மெஷின் இழுப்பறையைத் திறந்தேன். நூல்கண்டுகளுக்கு அடியில், ஒரு பழைய கைக்குட்டையில் சுற்றி இருந்தது. நான் எப்போது அங்கே வைத்தேன்? கைக்குட்டையில் சுற்றும் வழக்கம் எனக்குக் கிடையாது. நினைவும் தவறுகிறதோ என்று பயமாக இருக்கிறது.

பாக்கியத்திடம் சொல்லவில்லை. சனிக்கிழமை கட்டு மாற்றும் நாள். அன்று ஆட்டோவின் குலுக்கல் இல்லாமல் கூட்டிப் போய், வரும் வழியில் வளைவையும் காட்டுவேன். அவளுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

நவம்பர் 1, சனி

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையிலிருந்து மழை. பாக்கியத்துக்கு இரவே காய்ச்சல். காலில் போட்டிருந்த கட்டு வாடை அடித்தது. சொல்லி வைத்த ஆட்டோ வரவில்லை. தெருமுனைவரை போய்ப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. மழை விட்டதும் ஸ்கூட்டரை வெளியே எடுத்துக் கிளப்பினேன்.

சத்தம் கேட்டு பாக்கியம் வாசலுக்கு வந்தாள். முகம் வெளுத்துவிட்டது. “சாவி எப்படி...” என்றாள். பிறகு, “வேண்டாம். ஆட்டோ வரும். இல்லன்னா தவமணிய கூப்பிடுவோம்.”

“பண்டிகை வேலையில இருக்கவர எதுக்குத் தொந்தரவு பண்ணணும்? மெதுவாத்தான போறேன். உக்காரு.”

தவமணிக்குத் தொலைபேசியில் அடித்துப் பார்த்தாள், அவர் எடுக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காய்ச்சலில் உடம்பு நடுங்கியது. என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அது என்ன என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பிறகு வந்து உட்கார்ந்து, என் இடது தோளில் கையை வைத்தாள்.

“நான் சொல்லுதபடி போணும்” என்றாள்.

தெருவைத் தாண்டியதும் அந்தக் கை தட்ட ஆரம்பித்தது. “இடது பக்கம் சைக்கிள். இடது பக்கம் பள்ளம். இடது பக்கம் பஸ் வருது, நில்லுங்க.” நான் எதையும் பார்க்கவில்லை. அவள் சொன்ன பிறகு தலையைத் திருப்பினால் இருந்தது. ஒவ்வொன்றும் இருந்தது. பஸ் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் சக்கரம் தெளித்த தண்ணீர் அவள் காலிலிருந்த கட்டை நனைத்தது. அவ்வளவு பெரிய பொருள் எங்கே ஒளிந்திருந்தது?

அவள் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். இடது பக்கம் ஆள். இடது பக்கம் நாய். இடது பக்கம் சின்னப் பிள்ளை, நில்லுங்க, நில்லுங்க.

ஆலய வாசல் வந்ததும், “இங்கேயே நிறுத்துங்க. இதுக்கு மேல என்னால ஆகாது” என்றாள்.

வளைவு நின்றிருந்தது. என் கண்ணுக்கு அது அப்பழுக்கில்லாமல் நேராக நின்றது. ‘வாழ்க வளர்க’ ஒரு தூக்குக்குண்டைப் போல. அதன் கீழே கமிட்டிக்காரர்கள், பந்தல்காரர்கள், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் என ஒரு கூட்டம் நின்றிருந்தது. எல்லோரும் தலையை ஒரே பக்கமாகச் சாய்த்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர்கூட நேராக நிற்கவில்லை.

தவமணி என்னைக் கண்டதும் தலையை நிமிர்த்திக்கொண்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக நிமிர்த்திக்கொண்டார்கள். “அருமையா வந்திருக்கு சார்” என்றார். இசக்கி என்னைப் பார்க்காமல் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான். ஒரு பையன் மட்டும், “எழுத்து ஏன் விழுகுது?” என்று கேட்டான். அவன் அம்மா அவன் வாயைப் பொத்தினாள்.

பாக்கியம் நொண்டியபடி தவமணியிடம் போய் ஏதோ சொன்னாள். அவர் உடனே தன் காரை எடுத்து வந்தார். ஸ்கூட்டரை ஆலய வளாகத்தில் நிறுத்திப் பூட்டிவிட்டு நானும் காரில் ஏறினேன். யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. முப்பது வருஷம் சார் என்று கூப்பிட்டவர்கள் எப்படிச் சொல்வார்கள்?

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். புண் ஆழமாகவில்லை என்று டாக்டர் சொன்னார். காய்ச்சல் மாலைக்குள் இறங்கிவிட்டது.

அவள் படுத்த பிறகு நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். ஆய்வகத்தில் வெர்னியர் அளவுகோலைக் கையில் கொடுத்ததும் மாணவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, சுழிப் பிழை பார்த்தாயா என்பது. தாடைகள் இரண்டையும் சேர்த்து வை. பூச்சியம் பூச்சியத்தில் நிற்கிறதா பார். கருவி சும்மா இருக்கும்போதே தப்புச் சொல்கிறது என்றால், அதைக் கொண்டு எதை அளந்தும் பயனில்லை. இதைப் பார்க்காமல் அளந்தவனை எழுந்து நிற்க வைத்திருக்கிறேன்.

மென்பொருளைப் பாகை பாகையாகச் சோதித்தேன். திரையைச் சோதித்தேன். ஒரு பிழை உண்மையிலேயே அதில் இருந்தது. அதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் மற்ற எல்லாவற்றையும் அதன் கணக்கிலேயே எழுதிவிட்டேன்.

பாக்கியத்தின் இழுப்பறையிலிருந்து கறுப்பு நூலை எடுத்தேன். பாரத்துக்கு வேறு எதுவும் கையில் இல்லை; ஸ்கூட்டர் சாவியைக் கட்டினேன். காலண்டர் மாட்டியிருந்த ஆணியில், வெள்ளைச் சுவரில் தொங்கவிட்டேன். மின்விசிறியை நிறுத்தினேன். சன்னலைச் சாத்தினேன். சாவி ஆடி அடங்கும்வரை காத்திருந்தேன்.

நூல் சாய்ந்திருந்தது.

சுவரில் உரசுகிறதோ என்று பார்த்தேன். உரசவில்லை. நூலை மாற்றிக் கட்டினேன். சாய்ந்தே இருந்தது. சாவி ஆடாமல், தன் பாட்டுக்கு, வலப்புறத்திலிருந்து சரிவாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

பாக்கியம் விழித்துக்கொண்டாள். கட்டிலில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாக்கியம், இந்த நூல் எப்படித் தெரியுது?”

“நேரா தொங்குது.”

“நல்லாப் பாத்துச் சொல்லு.”

“நூல்ல கட்டித் தொங்கவிட்டது வேற எப்படிங்க தொங்கும்?” என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அருகில் போய் உட்கார்ந்தேன். “எப்பம் இருந்து தெரியும் உனக்கு?”

“அவியல் அன்னைக்கு விளையாட்டுன்னு நெனச்சேன். தள்ளுவண்டி அன்னைக்குத் தெரிஞ்சிட்டு. வெரலக் காட்டுனேம்லா? இந்தக் கையில மூணு, அந்தக் கையில ரெண்டு. நீங்க மூணுன்னு சொல்லிட்டு ஜெயிச்சாப்ல நின்னிய.”

“சொல்லியிருக்கலாமே.”

“நீங்களே எதுக்கெடுத்தாலும் என் தப்பு, என் தப்புன்னு மருகுதிய. இதையும் நான் எந்த வாயால சொல்ல?”

சாவியை நூலிலிருந்து அவிழ்த்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் விரல்களை மூடிக்கொண்டாள்.

இசக்கிக்குத் தொலைபேசியில் சொன்னேன்: “தொண்ணூறு ஆக்கிருப்பா. ரெண்டு தூணையும் புதுசா அடிச்சிரு.” “சரி சார், விடியுமுன்ன மாட்டிருதேன்” என்றான்.

நவம்பர் 2, ஞாயிறு

அசனம். தவமணி காரில் கூட்டிப் போனார். வளைவு எனக்குச் சாய்ந்து தெரிந்தது. அதன் கீழே எல்லோரும் தலையை நிமிர்த்தி நடந்தார்கள். ஆகவே அது நேராக இருக்கிறது.

இலையில் இடது பாதி என்று ஒன்று இருப்பதாக மனதில் சொல்லிக்கொண்டே சாப்பிட்டேன். சோறு முடிந்துவிட்டது என்று தோன்றும் ஒவ்வொரு முறையும் பாக்கியம் இலையைத் திருப்பினாள். கத்தரிக்காய்க் கூட்டு நன்றாக இருந்தது.

வந்ததும் சுவரில் மறுபடி நூலைத் தொங்கவிட்டேன். இந்த முறை அதன் முனையில் ஒரு பழைய பூட்டு. எனக்குச் செங்குத்தாகத் தெரியும் கோட்டைப் பென்சிலால் பக்கத்தில் வரைந்து, கோணமானியை வைத்து அளந்தேன். என் சுழிப் பிழை நான்கு பாகை, இடப்புறமாக.

நவம்பர் 3, திங்கள்

ஜெயசீலன் விடியற்காலையில் வந்துவிட்டான். என்னைக் கட்டிப்பிடித்தான், பள்ளிக்கூடம் போகும் வயதுக்குப் பிறகு இதுதான் முதல் முறை. பத்து மணிக்கு டாக்டர். தலையைப் படம் எடுத்துப் பார்ப்பார்களாம்.

புறப்படும்முன் நூலின் பக்கத்தில் மறுபடி ஒரு கோடு வரைந்தேன். நேற்றைய கோட்டின் மேல் விழும் என்று நினைத்தேன். விழவில்லை. அதற்கு வெளியே விழுந்தது. கோணமானியை இரண்டு முறை வைத்துப் பார்த்தேன். ஆறு.

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம் சொல்வேன், அளவு இருந்தால் அவருக்கு உதவும்.

கார் வந்துவிட்டது. பாக்கியம் கூப்பிடுகிறாள். குரல் மிக அருகில், இந்த அறைக்குள்ளேயே கேட்கிறது. ஆளைக் காணவில்லை. இடப்புறம் நிற்கிறாள் என்று அர்த்தம். தலையைத் திருப்ப வேண்டும்.

திருப்புகிறேன். இன்னும் காணவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்ப வேண்டும்.